பட்டாசுத் தொழிலாளியும் பாலிசிப் பத்திரமும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டப்பட்டது ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம். விருதுநகர் மக்களின் குடிநீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் செல்கிறது. இந்தக் கரிசல் வட்டாரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டப்பட்ட சிறு அறைகளை நாம் கண்டிருப்போம். அவை பட்டாசு ஆலைகள். ஓர் அறை வெடித்தாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. ஓர் அறையில் நால்வருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யலாகாது என்பதும் வெடிபொருள் விதிகளில் உள்ளது. விதி அப்படி, தீபாவளி நெருங்கும் மாதங்களில் அறைக்குள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை அவ்வட்டாரத்தார் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியிலிருந்து ஒரு சகோதரி தம் அத்தாவுடன் எம்மிடம் வந்தார். கணவர் ஆலை விபத்தில் இறந்து, நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கையில் ஜவுளிக் கடையின் மஞ்சள் பை. அதனுள் இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஆங்கிலத்தில் அனுப்பிய மூன்று கடிதங்கள். "பாய், இதுல என்னதான் எழுதியிருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றார் அந்தப் பெரியவர்.

வாசித்தோம். முதல் கடிதம், இறந்தவரின் பன்னிரண்டு மாத ஊதியப் பதிவேட்டை அனுப்பும்படி விதவையிடம் கேட்டது. பாலிசியில் அறிவிக்கப்பட்ட தொழிலாளர் எண்ணிக்கையுள் இறந்தவர் அடங்குகிறாரா என்பது ஐயத்திற்குரியது என்றது இரண்டாவது. மூன்றாவதோ, விபத்து நாளில் ஆலையை நடத்தியவர் பாலிசிதாரர்தானா என்பதற்குச் சான்று வேண்டும் என்றது. மூன்றிலும் மரியாதைக்குக் குறைவில்லை. மூன்றிலும் பணம் தர மறுக்கிறோம் என்ற சொல்லும் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையற்றது. அந்தக் கடிதங்கள் எங்கிருந்து பிறந்தன என்பதையே எழுத விரும்புகிறோம். அவற்றின் வேர் நூறாண்டு பின்னே செல்கிறது.

சிவகாசியின் தொழில் வரலாற்றைச் சொல்பவர் எவரும் 1923ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, ஊரில் முதல் தீப்பெட்டி ஆலையை நிறுவிய காலம் அது. பட்டாசு அதன் பின் வந்தது. அதே 1923இல் தில்லியில் இன்னொன்றும் நிகழ்ந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிவகாசியின் தீப்பெட்டியும் அதில் கருகுபவனுக்கான சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

அச்சட்டத்திற்கு முன்னோடி 1897ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம். அதற்கும் முன்னே, 1884இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. இரண்டும் ஒன்றல்ல. ஜெர்மனியில் முதலாளிகள் சேர்ந்து ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டினர். அடிபட்டவர் அந்த நிதியிடம் சென்றார். ஆங்கிலேய முறையில் கடன் முதலாளியின் தலையில் விழுந்தது. விரும்பினால் அவர் ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் அச்சுமையை இறக்கி வைக்கலாம். இந்தியாவுக்கு வந்தது இரண்டாவது முறை.

1923 சட்டம் தொழிலாளிக்குப் பெரும் நன்மை ஒன்றைச் செய்தது. முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டிய தேவை நீங்கியது. வேலையின் போது, வேலையின் காரணமாக விபத்து என்றால் இழப்பீடு உண்டு. ஆனால் பாலிசி எடுத்தே ஆக வேண்டும் என்று முதலாளியை அது கட்டாயப்படுத்தவில்லை. எடுத்தாலும், அது முதலாளியும் நிறுவனமும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். பிரீமியம் கட்டுபவர் முதலாளி. எத்தனை பேர், எவ்வளவு ஊதியம் என்று அறிவிப்பவரும் அவரே. உயிரைப் பணயம் வைப்பவர் அந்தப் பத்திரத்தைக் கண்ணால்கூடக் காண்பதில்லை. அவர் அங்கே மூன்றாம் ஆள்.

இங்கே ஒரு சிறு விலகல். நம் குடும்பங்களில் இன்ஷூரன்ஸ் என்றவுடன் எழும் கேள்வி "கூடுமா, கூடாதா?" என்பதே. கேள்வி பழையது. டமாஸ்கஸ் நகரத்து ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) கடல் வணிகரின் "சூகரா" எனும் காப்பீட்டு வழக்கத்தை எடுத்துக்கொண்டு, மூழ்கிய சரக்குக்காக அந்த ஈட்டுத் தொகையை வணிகர் பெறுவது ஆகாது என்று எழுதினார். அதன் பின் விவாதம் நீண்டது. 1979இல் சூடானில் தகாஃபுல் எனும் கூட்டுறவு முறையில் ஒரு நிறுவனம் தோன்றியது. 1984இல் மலேசியா அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் அந்த விவாதங்களில் வருபவர் தாமே பணம் கட்டிப் பத்திரம் வாங்கும் வணிகர். மஞ்சள் பையுடன் வந்த சகோதரி எந்தப் பத்திரமும் வாங்கியவரல்லர். அவருக்குச் சேர வேண்டியது முதலாளியின் மீது சட்டம் சுமத்திய கடன். அதை முதலாளி எவர் கையால் அடைக்கிறார் என்பது அடுத்த செய்தி. இந்த வேறுபாட்டை அறியாமல், "நமக்கு அது வேண்டாம்" என்று சொல்லி உரிமைத் தொகையையே கைவிட்ட குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். ஐயம் உள்ளோர் ஆலிம்களிடம் கேட்கட்டும். கேட்கும்போது இந்த விவரத்தையும் சேர்த்துக் கேட்கட்டும்.

மீண்டும் சிவகாசிக்கு வருவோம். தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றம் சென்றார். 1990 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பைக் குழந்தைத் தொழிலாளர் பற்றியதாக மட்டுமே பலரும் நினைவில் வைத்துள்ளனர். அதில் காப்பீடு பற்றிய கட்டளையும் உண்டு. தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் குழுக் காப்பீடு செய்யப்படுவதைத் தமிழ்நாடு அரசு உறுதிசெய்ய வேண்டும். பிரீமியத்தை முதலாளியே ஏற்க வேண்டும். காப்பீட்டுக் கழகம் அதற்கேற்ற திட்டத்துடன் முன்வர வேண்டும் என்றது நீதிமன்றம். விருப்பத்திற்கு விடப்பட்டிருந்த ஒன்று, இந்த வட்டாரத்தின் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கப்பட்டது.

அதற்கு மூன்று மாதங்களுக்குள் இன்னொரு சட்டம் பிறந்தது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதன் பின்விளைவாக வந்த 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். அபாயகரமான பொருளைக் கையாளும் ஒவ்வொருவரும் பாலிசி எடுத்தே தீர வேண்டும் என்றது அது. மரணத்திற்கு உடனடி நிவாரணமாக அது அப்போது வைத்தது 25,000 ரூபாய். சிவகாசிக்கென்றே இயற்றியது போலத் தோன்றும். ஆனால் நிவாரணம் யாருக்கு என்று கூறும் பிரிவில், அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு தொடர்: தொழிலாளி நீங்கலாக. தொழிலாளிக்குத்தான் 1923 சட்டம் இருக்கிறதே என்பது காரணம். 2010இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் இழப்பீட்டுப் பிரிவிலும் இதே அடைப்புக்குறி உண்டு.

அந்த அடைப்புக்குறியின் பொருள் 2012 செப்டம்பர் 5 அன்று விளங்கியது. முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலையில் தீப்பற்றி ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். விதிமீறலுக்காக அதன் உரிமம் முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று தெரியவந்தது. இறந்தோரில் பலர் ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். புகையைக் கண்டு, காப்பாற்ற வேண்டும் என்று சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். ஒரே தீயில் மாண்ட இருவருக்கு இரண்டு சட்டங்கள். உள்ளே இருந்தவரின் குடும்பம் ஒரு வாசலுக்கும், காப்பாற்ற வந்தவரின் குடும்பம் இன்னொரு வாசலுக்கும் போக வேண்டும். எது எந்த வாசல் என்று எடுத்துச் சொல்ல, அழுகை ஓயாத அந்த வீடுகளுக்கு யார் போயிருப்பார்கள்?

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 20 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அந்த ஆலையைப் பற்றி வெளிவந்த செய்திகளில் முக்கியமானது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில். அறைகளோ பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. சகோதரிக்கு வந்த மூன்றாம் கடிதம் கேட்ட கேள்வி இதுவே. உரிமமும் பாலிசியும் ஒருவர் பெயரில், வேலை வாங்குபவர் இன்னொருவர் என்றால், நிறுவனம் "இவர் எங்கள் பாலிசிதாரரின் தொழிலாளி அல்லர்" என்று எழுதலாம். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் மூல முதலாளி பொறுப்பு என்று 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. குத்தகை ஒப்பந்தம் ஆகுமா என்று வாதிட்டே இரண்டு ஆண்டுகள் கழியும்.

இரண்டாம் கடிதமும் அதே கிளையில் காய்த்ததுதான். அறிவிக்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் ஊதியத்தையும் பொறுத்தே பிரீமியம். இருபது பேர் என்று அறிவித்து ஐம்பது பேரை வைத்தால் செலவு மிச்சம். விபத்து நாளில் அந்த மிச்சத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் கடிதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். மரணத்திற்கான இழப்பீடு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்கி வருவது. முப்பது வயதுக்குக் காரணி 207.98. கணக்கில் கொள்ளும் ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். அந்த வரம்புவரை ஊதியத்தை நிரூபித்தால் 7,500ஐ 207.98ஆல் பெருக்க, 15,59,850 ரூபாய். பதிவேட்டில் 8,000 என்று மட்டும் இருந்தால் 8,31,920. ஒரு நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கிடையே ஏழு லட்சத்துக்கு மேல் வேறுபாடு. பட்டாசுத் தொழிலில் பெரும்பாலோருக்குக் கூலி செய்த எண்ணிக்கைக்கு ஏற்ப. சனிக்கிழமை கையில் வாங்குவது. அந்தப் புத்தகம் முதலாளியிடம் இருக்கிறது, அல்லது வெடிப்பில் எரிந்துவிட்டது. அதை விதவையிடம் கேட்கிறது கடிதம்.

கேட்பதற்குக் காரணமே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. பொய்யான பெயர்களையும் பொய்யான ஊதியத்தையும் காட்டிப் பணம் பெற முயல்வோர் உண்டு. நிறுவனம் சான்று கேட்கத்தான் செய்யும். யாரிடம் கேட்கிறது என்பதில்தான் எமக்கு மனத்தாங்கல். இழப்பீட்டு ஆணையர் தாமே முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி, முப்பது நாட்களுக்குள் விளக்கம் பெறும் அதிகாரத்தை 10ஏ பிரிவு தருகிறது. சட்டம் பதிவேட்டைத் தேடும் பாரத்தை விதவையின் மடியில் வைக்கவில்லை.

இனி காலதாமதம். இது உச்ச நீதிமன்றம் வரை போன கதை. ஒடிசாவில் ஒரு தச்சர் 1968இல் வேலையின்போது இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்தார். இழப்பீடு எந்த நாளிலிருந்து கடனாகிறது? ஆணையர் தீர்ப்பளித்த நாளிலிருந்தா, விபத்து நடந்த நாளிலிருந்தா? விபத்து நாளிலிருந்தே என்றனர் நான்கு நீதிபதிகள், 1975இல். தெளிவான விடை. அப்படியிருந்தும் அதன் பின் பல ஆண்டுகள் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வட்டியைத் தீர்ப்பு நாளிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தன. இடையில் வந்த ஓரிரு தீர்ப்புகள் அவற்றுக்கு இடமும் கொடுத்தன. 2012 ஜூலையில் நீதிபதி அஃப்தாப் ஆலம் எழுதிய தீர்ப்பு, 1975இல் சொன்னதே சட்டம் என்று அக்குழப்பத்தை நீக்கியது. முதலிப்பட்டி வெடித்தது அதற்கு ஐந்து வாரங்கள் கழித்து.

அந்த வட்டி அற்பத் தொகை அன்று. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு. மேலே சொன்ன 15,59,850 ரூபாய்க்கு ஓர் ஆண்டு வட்டி 1,87,182. காரணமின்றித் தாமதித்தால் அசலில் பாதிவரை அபராதமும் உண்டு. ஆனால் இதிலும் இரண்டு கதவுகள் அடைபட்டன. அபராதம் முதலாளியின் சொந்தத் தவறு, அதை நிறுவனத்திடம் கேட்கக் கூடாது என்று 1997இல் ஒரு தீர்ப்பு. வட்டியைத் தரமாட்டோம் என்று பாலிசியில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம் என்று 2006இல் இன்னொன்று. பாலிசி முதலாளிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது, அவர்கள் விரும்பியபடி எழுதிக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். மூன்றாம் ஆளுக்கு அதில் கையெழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை.

ஈ.எஸ்.ஐ. பதிவு உள்ள ஆலைகளின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டின் அச்சட்டம் ஏறத்தாழ ஜெர்மானிய வழியைச் சேர்ந்தது; பொது நிதியிலிருந்து, ஊதியத்தில் 90 விழுக்காடு அளவில் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் பங்கிட்டு வரும். அதன் கீழ் வருவோர் 1923 சட்டத்தில் மனுச் செய்ய இயலாது. "பெயர் பதியவில்லை" என்பதே அங்கு வழக்கமான பதில். தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாரகத் இன்ஜினியரிங் வழக்கில், வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே ஒருவர் காப்புறுதி பெற்றவர், முதலாளி பதிவைத் தாமதித்தது தொழிலாளியின் உரிமையைப் பாதிக்காது என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. 2020இல் இவ்விரண்டு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற ஒரே சட்டத்தினுள் இணைக்கப்பட்டன. பிரிவு எண்கள் மாறினாலும், மேலே சொன்ன தீர்ப்புகளின் தருக்கம் அங்கும் பேசப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் விபத்து நடந்த மறுநாளே, மருத்துவமனைப் பிணவறை வாசலில் பேச்சு தொடங்கிவிடும். ஈமச் செலவுக்கு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி, கையெழுத்து வாங்கி, உடலைக் கொடுப்பர். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்ற கவலை நம் மக்களுக்கு. அந்த அவசரத்தில் எதிலும் கையெழுத்திடுவர். அக்கையெழுத்தோடு எல்லாம் முடிந்தது என்று ஆலைத் தரப்பும் நினைக்கும், குடும்பமும் நினைக்கும். சட்டம் அப்படி நினைக்கவில்லை. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்பது 8ஆம் பிரிவு. முன்பணம் போகக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது என்பது 17ஆம் பிரிவு. மனுச் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இத்தா முடியும்வரை பொறுத்திருந்து வரும் பெண்ணின் உரிமை போய்விடாது. எனினும் முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை, உடன் வேலை செய்தோரின் வாக்குமூலம் ஆகியவற்றை வீட்டு ஆண்கள் அந்த மாதங்களிலேயே சேர்த்து வைத்துக்கொள்வது நலம். சகோதரியின் அத்தா அதைச் செய்யவில்லை. அவரைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை.

தொகையைப் பிரிப்பதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. சட்டம் "சார்ந்திருப்போர்" என்று ஒரு பட்டியல் வைத்துள்ளது: மனைவி, வயதுக்கு வராத பிள்ளைகள், மணமாகாத மகள், விதவைத் தாய் முதலியோர். இறந்தவரின் தந்தை, தாம் மகனின் வருமானத்தைச் சார்ந்திருந்ததைக் காட்டினால்தான் பங்கு பெறுவார். ஃபராயிள் முறையிலோ தந்தைக்குப் பங்கு நிச்சயம். மாமனார் வீட்டில் இதனால் பேச்சு வளர்ந்தது. ஆணையர் பிரித்துக் கொடுப்பது வாரிசுச் சொத்தா, அல்லது சார்ந்திருந்தோருக்கான உதவித் தொகையா என்று ஊர் ஆலிமிடம் இரு வீட்டாரும் சேர்ந்தே சென்று கேட்டனர். அல்ஹம்துலில்லாஹ், அது சண்டையாகவில்லை.

ஆணையர் முன் வழக்கு மூன்று ஆண்டுகளை நெருங்கியது. ஊதியப் பதிவேடு வரவே இல்லை. உடன் வேலை செய்த இருவரின் சாட்சியத்தை வைத்து ஆணையர் ஊதியத்தை நிர்ணயித்தார். அசலை நிறுவனம் செலுத்தியது. வட்டி பாலிசியில் விலக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி எழுதி, அதை மட்டும் நிறுத்திக்கொண்டது. வட்டியைத் தர வேண்டிய முதலாளியின் ஆலை இப்போது வேறொருவர் பெயரில் இயங்குகிறது. நிலவரி பாக்கியைப் போல அத்தொகையை வசூலித்துத் தரும்படி 31ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுத்திருக்கிறார் அந்தச் சகோதரி. சென்ற மாதம் வந்தபோது அதன் நகலைக் காட்டினார். அதே மஞ்சள் பைதான். கைப்பிடியை மட்டும் புதிதாகத் தைத்திருந்தார்.